கிணற்றுச் சுவர் கற்றுத்தரும் பெரணி வளர்ப்பு



நர்சரியில் ஆசையாகப் பெரணிச் செடி வாங்கி வந்து, ஒரு கோடையைக்கூடத் தாண்டவிடாமல் இழந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். "தினமும் தண்ணீர் ஊற்றினேனே, ஏன் கருகியது?" என்று கேட்பார்கள். ஊரில் பழைய கல்கட்டுக் கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். கல்லிடுக்கிலும் சுண்ணாம்புக் காரையிலும் பெரணி பச்சைப் பசேலென்று தொங்கும். அதற்கு உரமிட்டவர் யாருமில்லை. ஆனால் அங்கே உச்சிவெயில் நெடுநேரம் நிற்பதில்லை. கசியும் நீர் வேரில் தேங்காமல் இறங்கிவிடுகிறது. காற்று எந்நேரமும் ஈரமாக இருக்கிறது. நாம் வேரில் நீரைத் தேக்கிவிட்டு, இலையை வறண்ட காற்றில் விட்டுவிடுகிறோம். தவறு அங்கேதான்.

ஆகவே தொட்டியின் அடியில் செங்கல் துண்டு. மேலே மட்கிய இலை, தேங்காய் நார்க்கழிவு, கொஞ்சம் செம்மண், சில கரித்துண்டுகள். ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பி நீர் ஊற்றி, தொட்டியின் அடி நீரில் படாதபடி அதன்மேல் வையுங்கள். செடிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரம் இன்னொன்றுக்கு உதவும். ஏ.சி. அறை வேண்டாம். உப்பு மிகுந்த போர்த் தண்ணீரால் இலைநுனி கருகும். மழைநீர் கிடைத்தால் அதுவே நல்லது.

ஈரக் காற்றின் அருமையை லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு 1829-இல் தற்செயலாகக் கண்டார். நகரின் புகையில் அவருடைய பெரணிகள் மடிந்துபோயிருந்தன. அந்துப்பூச்சி வெளிவருவதைப் பார்க்க, கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு பாட்டிலில் மூடி வைத்தார். மண்ணிலிருந்து பெரணி முளைத்தது! அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டியில்தான் பிறகு செடிகள் கடல் கடந்தன.

பூவோ காயோ இல்லாததால் பெரணியை இரண்டாந்தரமாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. இலை ஒன்றையே வைத்து ஒரு தோட்டம் நம்மை நிற்க வைக்கிறதென்றால், அது பெரிய கலை. புதுக் கொழுந்து வருவதைப் பாருங்கள்: உள்நோக்கிச் சுருண்டு, பழுப்புச் செதில் போர்த்தி எழும்பும், நுனியைக் கடைசிவரை உள்ளே பொத்தி வைத்துக்கொண்டு, அடியிலிருந்து அவிழும். அப்போது விரலால் தொடக்கூடாது. அவ்வளவு மென்மை.

முதிர்ந்த இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பூச்சி என்று பயந்து மருந்தடிக்கிறார்கள், பாவம்! ஒழுங்கான வரிசையில் இருந்தால் அவை வித்துத்தூள் தாங்கிய பைகளின் கூட்டம். காம்பிலும் நரம்பிலும் தாறுமாறாக ஒட்டி, பிசுபிசுத்தால் மட்டுமே செதில்பூச்சி.

சமவெளி வெயிலுக்குப் பாஸ்டன் பெரணி ஓரளவு ஈடுகொடுக்கும். கருங்காம்புள்ள மெல்லிய 'மெய்டன்ஹேர்' காய்ந்துவிட்டால் உடனே எறியாதீர்கள். அடியோடு வெட்டி நிழலில் ஈரமாக வைத்தால் பெரும்பாலும் துளிர்க்கும். மலைக்குப் போனால் சோலைக்காட்டுப் பெரணியைப் பிடுங்கி வராதீர்கள். மதராஸ் வனத்துறையில் இருந்த பெடோம் 1860-களில் தென்னிந்தியப் பெரணிகளை ஒவ்வொன்றாகப் படம் வரைவித்து நூலாக்கினார். அந்தச் செல்வம் காட்டிலேயே இருக்கட்டும். சோலையின் குளிர் இல்லாமல் பல செடிகள் இங்கே பிழைக்கவும் மாட்டா.

வேண்டுமானால் வித்திலிருந்தே வளர்க்கலாம். புள்ளிகள் முதிர்ந்த இலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வையுங்கள். ஓரிரு நாளில் தூள் உதிரும். கொதிநீரில் ஊறி ஆறிய செங்கல் துண்டைக் கண்ணாடி ஜாடியில் வைத்து, தூளைத் தூவி மூடிவிடுங்கள். சில வாரங்களில் பச்சை படரும். பிறகு நகத்தைவிடச் சிறிய, இதய வடிவத் தகடுகள் தோன்றும். இத்தகடுகளில் உருவாகும் ஆணணு நீர்ப்படலத்தில் நீந்தித்தான் அண்டத்தை அடைய வேண்டும். ஆகவே அப்போது லேசாக நீர் தெளியுங்கள். தகட்டின் அடியிலிருந்து முதல் இலை தலைகாட்டியதும், மூடியை நாளுக்குச் சிறிது நேரம் திறந்து பழக்கி, அதன்பின் தொட்டிக்கு மாற்றுங்கள்.