கட்டுரைக்கு முதல் ஒரு கடதாசி

(எமது சங்கத்தின் தமிழ்ப் பள்ளி மாணவர், பெற்றோர் ஒன்றுகூடலில் குவைத், ஃபஹாஹீலில் இருந்து தொலைபேசி வழியாக ஆற்றப்பட்ட உரை. புத்தாண்டு மலருக்காகப் பேசியவரே எழுதித் தந்தது.)



லண்டனில் உங்களுக்கு இப்ப பின்னேரம் நாலு மணி. எனக்கு இங்கே இரவாகிறது. வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, கட்டிலில் இருந்துதான் பேசுகிறேன். இந்த அறையில் நாங்கள் எட்டுப் பேர். எனக்காக மற்றவர்கள் தொலைக்காட்சியை நிற்பாட்டி வைத்திருக்கினம். ஆகவே கனக்கப் பேசமாட்டேன்.

நான் வாத்தியார் இல்லை. உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. என் தங்கச்சியின் மகள் தன்னுடைய கட்டுரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "மாமா, இது ஏன் சரிவரேல்லை?" என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் மூன்று கிழமை போனில் கதைத்துக் கதைத்து அதைத் திருத்தினோம். அதைக் கேள்விப்பட்ட சங்கச் செயலாளர், "அதையே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கோ தம்பி" என்றார். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் என்னுடைய தோல்வியைச் சொல்லுகிறேன். 2009 இல் போர் முடிந்து நாங்கள் செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் இருந்தோம். அடுத்த வருடம் நான் உயர்தரச் சோதனை எழுதினேன். உயிரியல் படித்தேன். இலங்கையில் உயர்தரம் எழுதிய பெற்றோருக்குத் தெரியும், உயிரியல் இரண்டாம் வினாத்தாளில் முதற்பகுதி அமைப்புக் கட்டுரை. கேள்வியை அவர்களே சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, விடைக்குக் கோடும் போட்டுத் தருவார்கள். அதை நான் நன்றாகச் செய்தேன். அடுத்த பகுதி கட்டுரை. ஆறு கேள்வியில் நாலுக்கு எழுத வேண்டும். அங்கே கோடும் இல்லை, துண்டும் இல்லை, வெறும் தாள்தான்.

முதற் கேள்வி எனக்கு நல்ல பாடமான விசயம். தெரிந்ததெல்லாம் எழுதினேன். கேட்டதையும் எழுதினேன், கேளாததையும் எழுதினேன். நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்தபோது ஒரு மணித்தியாலம் போய்விட்டது. மூன்றாவது கேள்வி பாதியில் நிற்க, நாலாவதைத் தொடவே இல்லை. பெறுபேறு வந்தது: மூன்று பாடமும் சாதாரண சித்தி. பல்கலைக்கழகம் அதோடு முடிந்தது.

முகாமில் படித்தது, புத்தகம் இல்லாதது எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு விடை தெரியாமல் அந்தத் தாள் போகவில்லை. துண்டு வெட்டித் தந்தபோது எழுதினேன். நானே வெட்டவேண்டி வந்தபோது தெரியாமல் போய்விட்டது. கட்டுரை எழுதப் பழகுவது என்றால் அந்தத் துண்டை நாங்களே வெட்டப் பழகுவதுதான். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு விசயம்தான்.

அதை எப்படிச் செய்வது?

முதலாவது, கேள்வியின் கடைசிச் சொல்லைப் பாருங்கோ. 'விபரிக்குக' என்றால் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 'ஒப்பிடுக' என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'ஆராய்க' என்றால் ஏன், எதனால் என்று காரணம் காட்ட வேண்டும். உங்கள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்திலும் இதே விதமான சொற்கள்தான் கேள்வியில் வரும்.

இரண்டாவது, ஒரு கழிவுக் கடதாசி எடுங்கோ. அதில் தோன்றியதெல்லாம் ஒழுங்கில்லாமல் எழுதுங்கோ. என் மருமகளுக்குத் தந்த தலைப்பு 'நான் வாழும் ஊர்'. அவளுக்குக் காட்டுவதற்காக நான் என்னுடைய ஊரை எடுத்தேன். என் கடதாசியில் இருந்தது இது: கடல். மீன் சந்தை. குவைத் நகரத்துக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீற்றர். வெயில். எண்ணெய் ஆலை. 1938. 1946. 1991 இல் எரிந்த கிணறுகள். கடற்கரையில் உள்ள அல் கூத் கடைத்தொகுதி. மலையாளியின் தேத்தண்ணிக் கடை. வெள்ளிக்கிழமையில் காசு அனுப்பும் இடத்தில் நிற்கும் வரிசை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி மட்டும் வெளிவேலைக்குத் தடை. என் அறை. எட்டுப் பேர்.

இதை அப்படியே வரிசையாக எழுதினால் அது கட்டுரை ஆகாது. நான் சோதனையில் செய்தது அதைத்தான்.

மூன்றாவது, இந்தக் கடதாசியைப் பார்த்து, 'நான் சொல்லப்போவது என்ன?' என்று ஒரே ஒரு வசனம் எழுதுங்கோ. நான் எழுதியது: 'ஃபஹாஹீல் மீன்பிடி ஊராக இருந்தது, எண்ணெயால் நகரமானது, இன்று வெளியிலிருந்து வந்தவர்களின் உழைப்பில் ஓடுகிறது.' இந்த வசனம் வர எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. ஆனால் அது வந்த பிறகு கட்டுரையின் மூன்று பந்தியும் தானாகவே தெரிந்தது. கடல் ஒன்று, எண்ணெய் ஒன்று, மனிதர் ஒன்று.

நாலாவது, கடதாசியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கோ. எந்த இலக்கமும் பொருந்தாததை வெட்டுங்கோ. இதுதான் கஷ்டமான வேலை. எனக்கு அந்தத் தேத்தண்ணிக் கடையில் நல்ல விருப்பம். ஆனாலும் வெட்டினேன். கடைத்தொகுதியையும் வெட்டினேன். மருமகள் கேட்டாள், "அது நல்லாத்தானே இருக்கு மாமா?" என்று. நல்லாத்தான் இருக்கு. வேறொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, ஒரு பந்திக்கு ஒரு விசயம். என்னுடைய இரண்டாவது பந்தியை வாசிக்கிறேன்.

'இந்த ஊரின் வாழ்க்கையை மாற்றியது எண்ணெய். 1938 இல் புர்கான் என்ற இடத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1946 ஜூன் 30 ஆம் திகதி குவைத்தின் முதலாவது மசகு எண்ணெய் ஏற்றுமதி மினா அல் அஹ்மதியில் இருந்து நடந்தது. அந்தத் துறைமுகமும் பின்னர் வந்த ஆலைகளும் அருகிலேயே இருப்பதால் ஃபஹாஹீலில் வீடுகளும் கடைகளும் பெருகின. அதே எண்ணெயால் துன்பமும் வந்தது. 1991 இல் பின்வாங்கிய ஈராக்கியப் படை குவைத்தின் 600 க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசித் தீ அவ்வருடம் நவம்பர் 6 ஆம் திகதிதான் அணைக்கப்பட்டது. இவ்வளவு பெரிய தொழிலை நடத்துவதற்கு உள்ளூர் ஆட்கள் மட்டும் போதவில்லை.'

பிள்ளைகள் கவனியுங்கோ. முதல் வசனம் பந்தி எதைப் பற்றியது என்று சொல்லுகிறது. நடுவில் ஆண்டும் இடமும் எண்ணிக்கையும் அதற்குச் சாட்சியாக வருகின்றன. கடைசி வசனம் அடுத்த பந்திக்குக் கதவு திறக்கிறது. அடுத்த பந்தியில் வெளியிலிருந்து வந்த மனிதர் வருகினம். குவைத்தில் வாழ்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டவர்தான். அந்த எட்டுப் பேர் அறையும் காசு அனுப்பும் வரிசையும் அங்கேதான் வரவேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்றாக நேரே வைக்க விடமாட்டார்கள். கீழ் வரிசையில் இரண்டு பெட்டி சேருகிற மூட்டின் மேல்தான் அடுத்த வரிசைப் பெட்டியின் நடு வரவேண்டும், கல் கட்டுகிற மாதிரி. இல்லாவிட்டால் லொறி திரும்புகிற இடத்தில் எல்லாம் சரிந்துவிடும். பந்திகளும் அப்படித்தான் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கட்டுரை என்ற சொல்லிலேயே 'கட்டு' இருக்கிறதே.

முன்னுரையும் முடிவுரையும் நீளமாக இருக்கத் தேவையில்லை. நான் சொன்ன அந்த ஒரு வசனத்தை விரித்தால் முன்னுரை. முடிவுரையில் முன்னுரையைத் திருப்பி எழுதாதேங்கோ. இவ்வளவும் பார்த்த பிறகு என்ன விளங்குகிறது என்று எழுதுங்கோ.

எழுதி முடித்ததும் சத்தமாக வாசியுங்கோ. பவணந்தி முனிவர் 13 ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூலில் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்கள் சொல்லப்படுகின்றன. எங்கட நல்லூர் ஆறுமுக நாவலர் அந்த நூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர். அந்தப் பத்தில் மூன்றை மட்டும் பாருங்கோ. சொன்னதையே திரும்பச் சொல்வது கூறியது கூறல். எடுத்த விசயத்தை விட்டு வேறொன்றை நீட்டிக்கொண்டு போவது மற்றொன்று விரித்தல். நன்றாகத் தொடங்கி வரவர மெலிந்து முடிவது சென்று தேய்ந்து இறுதல். என்னுடைய 2010 ஆம் ஆண்டு விடைத்தாளில் இந்த மூன்றும் இருந்தது!

நேரத்தையும் பிரியுங்கோ. 45 நிமிடம் தந்தால் 8 நிமிடம் கடதாசிக்கு, 32 நிமிடம் எழுத, 5 நிமிடம் வாசித்துத் திருத்த. மற்றப் பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டார்களே என்று பயப்படாதேங்கோ.

இனிப் பெற்றோருக்கு ஒரு விசயம். இது வெறும் புள்ளிக்கான விசயம் என்று நினைக்க வேண்டாம். எங்கட ஊர்ப் பெடியன் ஒருவன் ஐரோப்பிய நாடொன்றில் அகதித் தஞ்சம் கேட்டான். அவன் சொன்ன ஒவ்வொரு விசயமும் உண்மை. ஆனால் முகாமில் தொடங்கி, ஷெல் விழுந்த நாளுக்குப் போய், திரும்ப அண்ணனைப் பிடித்துப்போன நாளுக்கு வந்து சொல்லியிருக்கிறான். மனதில் எப்படி வலித்ததோ அந்த ஒழுங்கில் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கு முதல் ஒரு சட்டத்தரணி அவனை இருத்தி, எது முதல், எது பிறகு, எங்கே, எந்த மாதம் என்று ஒரு கடதாசியில் எழுத வைத்தார். அவன் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. அதே கதைதான். அந்த முறை ஏற்றுக்கொண்டார்கள்.

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு அறையில் இருந்து கதை சொன்ன அனுபவம் இருக்கும். எங்கட பாடு எதுவும் தெரியாத ஒருவருக்கு எங்களைப் பற்றி விளங்க வைக்கிறது சின்ன வேலை இல்லை. பிள்ளைகள் இப்ப பழகுவது அதைத்தான். நாளைக்கு வேலைக்கு எழுதும்போதும், வீட்டுக்காக மாநகரசபைக்கு எழுதும்போதும், எங்களுக்கு நடந்ததை உலகத்துக்கு எழுதும்போதும் அது உதவும்.

ஆகவே பிள்ளைக்காக நீங்கள் கட்டுரை எழுதிக் கொடுக்காதேங்கோ. பக்கத்தில் இருந்து, "நீ சொல்லப்போறது என்ன? ஒரு வசனத்தில சொல்லு பாப்பம்" என்று மட்டும் கேளுங்கோ. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தமிழில் கேட்கலாம். பிள்ளை தமிழில் சொல்லட்டும். ஒரு வசனத்தில் சொல்ல வந்துவிட்டால் எந்த மொழியிலும் எழுத வரும்.

அறையில் மற்றவர்களுக்கு நித்திரை வருகிறது, விடிய நாலரைக்கு பஸ். முடிக்கிறேன். பிள்ளைகளே, சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு ஆளுக்கொரு கட்டுரை எழுதுங்கோ. எழுதினால் எனக்குக் கட்டுரையை அனுப்ப வேண்டாம். முதலில் எழுதிய அந்தக் கழிவுக் கடதாசியைப் படம் எடுத்து அனுப்புங்கோ, வெட்டின வெட்டோடு. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

எல்லோருக்கும் என் இனிய தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.