அன்றாடப் பணிக்கு ஓர் எல்லை



கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்வது சமண இல்லங்களின் அடையாளம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களில் ஏரும் மாடுமாக வாழ்ந்த முன்னோர்க்கு இந்நெறி உணவோடு நின்றுவிடவில்லை. மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்களுக்கு முன்பே உண்டு முடிப்பது சிறப்பென்பது மரபு. அதற்குள் உண்ண வேண்டுமாயின், அதற்கும் முன்பே மாடுகள் கொட்டிலுக்குத் திரும்ப வேண்டும். உழவரும் வீடு வந்து கைகால் கழுவியிருக்க வேண்டும். உணவுக்கு ஏற்பட்ட விரதமே உழைப்புக்கும் எல்லை வகுத்தது.

இன்று அந்த இணைப்பு அறுந்துவிட்டது. மாலை ஐந்தரை மணிக்கு அலுவலகத்திலேயே டப்பாவைத் திறந்து உண்டுவிட்டு, இரவு பத்து மணிவரை கணினிமுன் அமர்ந்திருக்கும் இளைஞர் பலர். கடையை அடைத்து வீடு வந்த வணிகரோ, கைப்பேசியில் கொள்முதலும் கணக்கும் பேசியபடியே உறங்கச் செல்கிறார். இரவுண்ணாமை காக்கப்படுகிறது, அது அளித்துவந்த ஓய்வு மட்டும் காணாமற் போயிற்று.

இதற்கு மருந்து புதிதாகத் தேடவேண்டியதன்று. இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் தேசவிரதம் ஒன்று. திக்விரதம் பூண்டவர், 'இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்லேன்' என வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுக்கிறார். அந்தப் பேரெல்லையை ஒரு நாளைக்கோ, ஒரு பக்கத்துக்கோ, ஒரு திங்களுக்கோ சுருக்கி, 'இக்காலம்வரை இவ்வூருள், இவ்வீட்டுள் அமைவேன்' என உறுதி கொள்வதே தேசவிரதம்.

இவ்விரதத்துக்கு வரும் குற்றங்களாக உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில், ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள பொருளைத் தருவித்தல் ஆனயனம். ஏவலரை அனுப்பிக் காரியம் முடித்தல் பிரேஷ்யப் பிரயோகம். இருந்த இடத்திலிருந்தே குரலெழுப்பிக் குறிப்புணர்த்தல் சப்தானுபாதம். தன் உருவத்தைக் காட்டிக் குறிப்புணர்த்தல் ரூபானுபாதம். கல் முதலியவற்றை எறிந்து கவனம் ஈர்த்தல் புத்கலக்ஷேபம்.

அன்பர்களே, இந்த ஐந்தையும் இன்றைய வீட்டுக் கூடத்தில் வைத்துப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கடைச் சிப்பந்தியைத் தொலைபேசியில் அழைப்பது சப்தானுபாதம் அன்றோ? காணொளிக் கூட்டத்தில் முகம் காட்டுவது ரூபானுபாதம் அன்றோ? 'ஒரு குறுஞ்செய்திதானே' என்று விரலால் தட்டி அனுப்புவது, எல்லைக்கு உள்ளிருந்து எறியும் கல்லே. உடல் வீட்டில் இருப்பதால் மட்டும் விரதம் நிறைவுறாது என்பதை முன்னோர் தெளிவாகக் கண்டிருந்தனர்.

எல்லை ஏன் வேண்டும்? உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேரும் உயிர்த்துன்பத்தை 'உத்யோகி இம்சை' என்பர். பிழைப்புக்காக அதை முற்றும் விலக்க இயலாமையால் இல்லறத்தார்க்கு இடம் தரப்பட்டது. ஆயினும் அந்த இடம் தேவையின் அளவே. தேவை முடிந்தபின் ஆசை நடத்தும் தொழிலுக்கு அச்சலுகை பொருந்தாது. முதலாளி எழாதவரை சிப்பந்தியும் எழ முடியாது. அவருடைய பிள்ளைகள் தந்தையைக் காணாமலே உறங்குகின்றனர். ஒருவருடைய வரம்பின்மை இவ்வாறு பிறர் இல்லத்தையும் தொடுகிறது.

'அறுவடையன்று மழை மிரட்டினால் என் செய்வது? மருத்துவரும் இரவுப்பணி ஊழியரும் என் செய்வர்?' என்ற வினா எழலாம். நியாயமான வினாவே. தேசவிரதத்தின் காலவரையறை விரதம் பூண்பவரே வகுத்துக்கொள்வது. இரவுப்பணி செய்பவர் காலை ஏழு மணியைத் தம் எல்லையாகக் கொள்ளலாம். அறுவடை நாளுக்கு நீண்ட எல்லையை முன்கூட்டியே வகுக்கலாம். ஆனால் வகுத்த பின், லாபம் கண்டு எல்லையை நீட்டலாகாது. எல்லையைப் பெருக்குதல் திக்விரதத்துக்கும் அதிசாரமாகவே சொல்லப்பட்டுள்ளது.

ஜினாகமம் கூறும் ஆறு திரவியங்களுள் அதர்மத் திரவியம் என ஒன்று உண்டு. அது இங்கே பாவத்தைக் குறிப்பதன்று. உயிரும் புத்கலமும் நிலைத்து நிற்கத் துணைபுரிவது. இயங்கத் துணைபுரியும் தர்மத் திரவியத்தோடு, நிற்பதற்கும் ஒரு திரவியம் சமமாக வைத்து எண்ணப்பட்டது. வழிப்போக்கனுக்கு மரநிழல் போன்றது அது என்பர் ஆசாரியர். நிழல் யாரையும் இழுத்து நிறுத்துவதில்லை. நிற்க விழைபவனுக்கே துணையாகிறது. மாலைப்பொழுதும் அத்தகையதே. அது வந்து காத்திருக்கும்; நிற்கும் மனம் அவரவரிடமிருந்தே வரவேண்டும்.

எனவே, ஒவ்வோர் இல்லத்திலும் இந்நாள் முதல் ஒரு பயிற்சி தொடங்கலாம். காலையிலேயே பணி முடியும் நேரத்தை வீட்டாருக்கும் உடன் உழைப்போருக்கும் சொல்லிவிடுக. அந்நேரம் வந்ததும், எஞ்சிய வேலையை ஒரு தாளில் எழுதி வைத்து எழுக. எழுதியது மனத்தை உறுத்தாது. கைப்பேசியை வேறோர் அறையில் வைத்து, ஒரு முகூர்த்தம் சாமாயிகத்தில் அமர்க. 48 நிமிடம் இயலாதோர் பத்து நிமிடத்தில் தொடங்குக. வரவு, இழப்பு பற்றிய கவலை அப்போதும் தொடருமாயின், அது ஆர்த்தத் தியானம் என உணர்ந்து, பஞ்ச நமஸ்காரத்தில் மனத்தை நிறுத்துக.

முடியாத வேலை என்றும் இருக்கும். அதை நாளைக்கு விட்டுவைக்கத் தெரிந்தவர்க்கே இன்றைய மாலை உரியது.

அனைத்துயிரும் இன்புற்று வாழ்க! ஜினதர்மம் ஓங்குக!