மரத்துக்கு ஒரு குடை



இரவெல்லாம் மழை பெய்து விடியலில் விட்டாலும் பால்மரம் வெட்ட முடியாது. பல வீடுகளில் அன்றைய கூலியும் போய்விடும். கிளைகளில் விழுந்த நீர் மரத்தோடு வழிந்து வெட்டுக்கோட்டில் இறங்கும். பால் கோட்டை விட்டுப் பட்டையில் பரவி, மங்குக்கு வராமல் தரைக்குப் போகும். ஈரப்பட்டையில் நோயும் பிடிக்கும்.

1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவும் முறையைக் கண்டார். மழைக்கு அதில் வழியில்லை. பின்னாளில் வந்ததுதான் மழைப் பாவாடை: வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைக் கொசுவிச் சுற்றி ஒட்டுவது. கொட்டும் மழையில் வெட்டுவதற்கல்ல; மழை விட்ட காலையில் கோடு காய்ந்திருப்பதற்கே.

கிள்ளான் பக்கம் பள்ளி வேலியோரத்து மரமொன்றில் பிள்ளைகளோடு நாமும் செய்து பார்த்தோம். முதலில் கயிற்றால் மட்டும் இறுக்கினோம். ஒரு வாளி நீர் ஊற்றியதும் சொரசொரப்பான பட்டையின் இடுக்கு வழியே நீர் உள்ளே இறங்கிற்று. நமக்குக் கொஞ்சம் வெட்கந்தான். பிறகு பட்டையைச் சுரண்டி, தார் பூசி ஒட்டினோம். மறுபடி ஊற்றினோம், கோடு நனையவில்லை.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் கேட்டாள்: "சார், எங்கம்மா நிரையில் ஐந்நூறு மரம். அத்தனைக்கும் தாளும் தாரும் யார் தருவார்கள்?"