இரண்டு நிமிடம்



கொழும்பிலே, குறிப்பாக வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாழுகின்ற நம்மவர்களுக்கு ஓகஸ்ட் மாதம் ஒரு தனி மாதம். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் உறவினர்கள் வந்து இறங்குவார்கள். அவர்கள் நிற்கும் நாட்களுக்குள்ளேயே அரங்கேற்றங்களையும் கச்சேரிகளையும் நடத்தி முடித்துவிட வேண்டும். இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம், தமிழ்ச் சங்கம் என்று மாலைதோறும் எங்கோ ஓரிடத்தில் மேடை விளக்கு எரியும். வீட்டு மேசையிலே அழைப்பிதழ்கள் குவிந்து கிடக்கும்.

சென்ற வருடம் அப்படியான ஒரு வாரத்தில் எனக்கு மூன்று நிகழ்ச்சிகளும் நாலைந்து வெளி அலுவல்களும் ஒன்றாக வந்து சேர்ந்தன. அந்த வாரத்தின் சின்னச் சின்ன எரிச்சல்களைத்தான் இன்று சொல்லப்போகிறேன். எல்லாம் அற்ப விடயங்கள். ஆனால் கடைசியில் சொல்லப்போகும் ஒன்று மாத்திரம் எனக்கு அற்பமாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓர் அரங்கேற்றம். அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்று இருந்தது. தமிழ் படிப்பிக்கிறவன் அல்லவா, அச்சில் உள்ளதை நம்பி நாலே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பிரதம அதிதி வரவில்லை. ‘இன்னும் இரண்டு நிமிடத்தில் ஆரம்பமாகும்’ என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னார்கள். பக்கத்திலே கடற்கரை ரயில்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஆறு மணி கடந்த பிறகுதான் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. அதுவரை சலங்கை கட்டிய காலோடு திரைக்குப் பின்னால் நின்ற பிள்ளையை நினைத்து எனக்குக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை ஒரு கந்தோருக்குப் போனேன். எந்தக் கந்தோர் என்பது இங்கே தேவையில்லை. என் மகளின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த ழகரம் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்த வேண்டும். இருபது வருடமாக வகுப்பறையிலே ழகரத்தை உச்சரிக்கப் பழக்குகிறவனுக்குச் சொந்த வீட்டிலேயே இந்தச் சோதனை. யன்னலுக்கு உள்ளே இருந்த லிகிதர் தொலைபேசியில் பேசிக்கொண்டே இரண்டு விரல்களைக் காட்டினார். இரண்டு நிமிடம் என்று பொருள். முக்கால் மணித்தியாலம் நின்றேன். பிறகு, ஒரு கடதாசி குறைகிறது, வியாழக்கிழமை கொண்டு வாருங்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் மருந்துக்காக நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடையில் மருந்து இருந்தது. ஆனால் வைத்தியர் எழுதிய துண்டு நாலாவது கடையின் மேசையிலே தங்கிவிட்டது.

புதன்கிழமை ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. நல்ல பாட்டு. ஆனால் எனக்கு முன்வரிசையில் இருந்தவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். பாடகரை நான் அந்தச் சின்னக் கண்ணாடியின் ஊடாகத்தான் பார்த்தேன். பிரதான உருப்படி முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கியதுதான் தாமதம், மண்டபத்தில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். வெளியே வடையும் பிளேன்ரீயும் காத்திருந்தன. ஒளிப்பதில் பயனில்லை, நானும் எழுந்தேன். 101ஆம் இலக்க பஸ் குறைந்துபோகும் நேரம் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு காலி வீதிக்கு நடந்தேன். மிருதங்கக்காரர் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மறுபடி அதே கந்தோர். கடதாசி சரியாக இருந்தது. ஒப்பமிட வேண்டிய உத்தியோகத்தர் கூட்டத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய், மறுநாள் நிகழ்ச்சிக்காக மூன்று பொன்னாடைகள் வாங்கினேன். அந்த நிகழ்ச்சியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரின் இசைக்கச்சேரி. அவருக்கு மிருதங்கம் வாசிக்க இருந்தவன் இப்போது எங்களிடம் உயர்தர வகுப்பில் படிக்கின்ற ஒரு மாணவன். ஊர் ஹற்றன் பக்கத்திலே ஒரு தோட்டம். கொட்டாஞ்சேனையில் அத்தை வீட்டிலிருந்து படிக்கிறான். பெரிய மேடையில் அவனுக்கு அதுதான் முதற் கச்சேரி. மகனின் வாசிப்பைக் கேட்பதற்காகத் தகப்பனார் சனிக்கிழமைப் பேரை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு ஒருநாள் பேரை விடுவது என்றால் என்னவென்று தெரியும். ஒருநாள் சம்பளம் இல்லை.

தனி ஆவர்த்தனத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று பாடகர் ஒதுக்கியிருந்தார். பையன் ஒரு மாதமாக அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகவே சாதகம் செய்தான்.

கச்சேரி தொடங்கிய சிறிது நேரத்தில் அமைப்பாளர் என்னிடம் வந்தார். ‘‘சேர், வாழ்த்துரைக்கு ஒருவர் குறைகிறார். நீங்கள் ஒரு இரண்டு நிமிஷம் பேசுங்கோ’’ என்றார். மறுப்பதுபோல் ஒரு தடவை தலையை அசைத்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

ஏழு மணிக்குப் பாட்டை நிறுத்தினார்கள். பிரதம அதிதி பேசினார். தலைவர் பேசினார். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. பிறகு என் முறை வந்தது. மேடையில் மிருதங்கத்தோடு என் மாணவன் இருப்பதைக் கண்டதும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்தேன். ஆடலாசிரியன், இசையாசிரியன் ஆகியோரோடு தண்ணுமை வாசிப்பவனுக்கும் இலக்கணம் வகுத்தவர் இளங்கோவடிகள் என்றேன். ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் கொண்ட அரங்கை அளந்து காட்டினேன். அந்த நூலின் இசைச் செய்திகளை ஆராய்ந்து யாழ் நூல் தந்த காரைதீவுப் பெருமகன் விபுலாநந்த அடிகளையும், 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் நடந்த அந்நூலின் அரங்கேற்றத்தையும் சொன்னேன். சபையோர் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் ஆசிரியன் நிறுத்துவானா?

மறுநாள் வீடியோப் பதிவில் பார்த்தேன். என்னுடைய இரண்டு நிமிடம் சரியாகப் பதினெட்டு நிமிடம் ஓடியிருந்தது.

மிருதங்கத்தின் இடந்தலையில், அதாவது தொப்பியில், கச்சேரிக்குச் சற்று முன்னர் ரவையைத் தண்ணீரில் குழைத்து ஒட்டுவார்கள். அந்த ஈரமும் பாரமும்தான் அடித்தொனியைக் கொடுக்கின்றன. காயக் காய நாதம் மாறிவிடும். நாங்கள் மூவரும் பேசிய 43 நிமிடமும் அந்தப் பையன் மேடையிலே கைகட்டிக்கொண்டு இருந்தான். மின்விசிறி அவன் தலைக்கு மேலேயே சுழன்றது. இடையில் ஒரு தடவை கையை ஈரமாக்கி ரவையைத் தடவினான். நான் அதைக் கண்டேன். தண்ணுமையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்ததால் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

எட்டரைக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மண்டபத்தார் மீது குற்றமில்லை. பிரதான உருப்படி முடியும்போது எட்டு இருபத்திரண்டு. வாசலில் நின்றவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பாடகர் பையனிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான். ஒரு மோரா, ஒரு கோர்வை, அவ்வளவுதான். அவனுடைய தனி ஆவர்த்தனம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அந்த ஆறேழு நாட்களில் நான் கேட்ட வாக்குறுதிகளில், சொன்னபடி இரண்டு நிமிடமாகவே இருந்தது அது ஒன்றுதான்.

வாசலில் தகப்பனார் என்னைக் கும்பிட்டார். ஹற்றன் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் அவருக்கு.

‘‘ரொம்ப நல்லாப் பேசுனீங்க ஐயா’’ என்றார். ‘‘நம்ம தம்பிக்குத்தான் வாசிக்க நேரம் இல்லாமப் போச்சு. பரவாயில்லீங்க, இன்னொரு வாட்டி வாறேன்.’’

அவர் குத்திக்காட்டவில்லை. மனதாரச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

கந்தோரிலே முக்கால் மணித்தியாலம் நின்றதை நான் அந்த வாரம் முழுவதும் கண்ட கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன். அந்த லிகிதர் எடுத்தது என் நேரம். நான் எடுத்தது ஒரு மாணவனின் முதல் மேடையை. ஒரு தொழிலாளியின் ஒருநாள் பேரை. லிகிதருக்காவது தொலைபேசியின் மறுமுனையில் ஏதோ அவசரம் இருந்திருக்கலாம். எனக்கு என் குரலைத் தவிர வேறு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் பையனைக் கூப்பிட்டு, ‘‘என்னில் பிழை’’ என்றேன். அவன் சங்கடப்பட்டான். ‘‘இல்லை சேர், ரவையும் காய்ஞ்சு போச்சு’’ என்றான். ரவையின் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றப் பார்த்தான். அன்று பின்னேரம் சங்கீத அறையில் நானும் இரண்டு ஆசிரியர்களும் இருந்து அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் கேட்டோம். நன்றாக வாசித்தான். ஆனால் அது ஈடாகுமா? கேட்க வேண்டியவர் அப்போது மலையில் இருந்தார்.

பிறகு அரங்கேற்று காதையை மறுபடி எடுத்துப் படித்தேன். இருபது வருடமாகக் கற்பித்த பகுதிதான். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் அரங்கேறுகிறாள். அவள் ஆடுகிறாள். மன்னன் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பரிசாகத் தருகிறான். மன்னன் எழுந்து வாழ்த்துரை நிகழ்த்தியதாக இளங்கோவடிகள் ஓரிடத்திலும் எழுதவில்லை. சோழனுக்கே இல்லாத உரிமையை நான் எங்கிருந்து பெற்றேன்?

நேயர்களே, வாழ்த்துரை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கலைஞனைக் கௌரவிப்பது நல்ல மரபு. ஆனால் அதைக் கச்சேரி முடிந்த பிறகு செய்யலாம். நிற்க விரும்புகிறவர்கள் நின்று கேட்பார்கள். இல்லையேல் ஒரு தாளில் அச்சிட்டு வாசலிலே கொடுக்கலாம். பிரதம அதிதி வராவிட்டாலும் அழைப்பிதழில் உள்ள நேரத்துக்கு விளக்கை ஏற்றலாம். தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து போகாமல் இருக்கலாம். இந்தக் கடைசி வேண்டுகோள் முதலில் எனக்குத்தான்.

மகளின் ழகரம் திருத்தப்பட்டுவிட்டது. அம்மாவின் மருந்து கிடைத்தது. அந்த வார அலுவல்களில் இன்னமும் தீராமல் இருப்பது ஒன்றுதான். தகப்பனார் வரும்போது பையன் மேடையில் இருக்க வேண்டும். வருகின்ற கலைவிழாவில் அவனுக்குப் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அன்று எனக்குப் பேச்சு இல்லை. போக்குவரத்துச் செலவும் ஒருநாள் பேரும் என்னுடைய பொறுப்பு.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் மீதி இருக்கிறதாம். அதை அடுத்து வரும் இசைக்கு விட்டுக்கொடுக்கிறேன்.