சங்கீதம் பிறவியிலா வருகிறது?

(ஒரு வாசகசாலையின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சங்கீதம். நமக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் ஆச்சரியப்படலாம். நமக்கு ராகம் தெரியாது, தாளமும் தெரியாது, நாம் பாடத் தொடங்கினால் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் எழுந்து ஓடிவிடும். (சிரிப்பு). ஆனால் சங்கீதம் யாருக்குச் சொந்தம், அது ஒருவனுக்கு எப்படி வருகிறது, எவன் வாசித்தால் கலை, எவன் வாசித்தால் தீட்டு என்று கேள்வி வரும்போது அது ராகத்தைப் பற்றிய விஷயம் அல்ல. மனிதனுடைய மானத்தைப் பற்றிய விஷயம். ஆகையால் அதைப் பேச நமக்கும் உரிமை உண்டு.

நம் நாட்டில் நன்றாகப் பாடுகிறவனைக் கண்டால் என்ன சொல்லுகிறார்கள்? "பூர்வ ஜென்ம புண்ணியம்" என்கிறார்கள். "சரஸ்வதி கடாட்சம்" என்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள், "அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது" என்கிறார்கள். வார்த்தை மூன்றாக இருந்தாலும் கருத்து ஒன்றுதான். சங்கீதம் பிறவியில் வருகிறது, ஆகவே இன்ன குலத்தில் பிறந்தவன்தான் பாடலாம், மற்றவன் கேட்டுத் தலையாட்டலாம் என்பதே அதன் பொருள்.

தோழர்களே! இரத்தத்தில் இருக்கிறது என்றால் குரு எதற்கு? விடியற்காலையில் எழுந்து தொண்டை கிழிய சாதகம் செய்வது எதற்கு? மூச்சு விடுவதற்கு யாராவது குரு வைத்துக் கற்றுக்கொள்ளுகிறார்களா? பிறவியில் வந்தது தானாக நடக்கும். கற்க வேண்டியது எதுவோ அது பிறவியில் வந்தது அல்ல. இவ்வளவு சின்ன உண்மையை மறைக்க எத்தனை புராணம் எழுதிவிட்டார்கள் பாருங்கள்!

இதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். சென்னையில் 2017ஆம் வருஷத்தில் ஒரு இசைக்குழு அமைந்தது. அதற்கு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர். ஜாதியற்றோர் கூட்டு என்று பொருள். சினிமா டைரக்டர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மா அவர்களின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் ஸ்தாபனமும் சேர்ந்து அமைத்தவை. 1845 முதல் 1914 வரை வாழ்ந்தவரும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியவருமான அயோத்திதாசப் பண்டிதர் 'ஜாதியில்லாத் தமிழர்கள்' என்று பேசினாரே, அந்தக் கருத்திலிருந்துதான் இந்தப் பெயர் எடுக்கப்பட்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடந்தது. அந்த மேடையில் ஏறிய குழு 19 பேர் கொண்டது.

இதைச் சுயேச்சையான குழு என்கிறார்கள். அதாவது சினிமாக் கதைக்கும் கதாநாயகனுக்கும் ஏற்றபடி பாட்டுக் கட்டாமல், தாங்கள் சொல்ல நினைத்ததைத் தாங்களே எழுதித் தாங்களே பாடும் குழு. நம் நாட்டில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று ஆகிவிட்ட காலத்தில் இதுவே ஒரு துணிச்சலான காரியம். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு, மாட்டிறைச்சியைப் பற்றிப் பாட்டு, அம்பேத்கரைப் பற்றிப் பாட்டு என்று சபாக்களில் கேட்க முடியாத விஷயங்களை எல்லாம் மேடையில் பாடினார்கள்.

இனி நாம் கவனிக்க வேண்டியது, இந்த 19 பேரும் எங்கே சங்கீதம் கற்றார்கள் என்பது.

தென்மா அவர்கள் இதற்கு முன் 'குரங்கன்' என்ற சுயேச்சைக் குழுவில் இருந்தவர். ராக் சங்கீதத்தில் பழகியவர். சாகிப் சிங் கிடார் வாசித்தார். மனு கிருஷ்ணன் டிரம்ஸ் வாசித்தார். இவை மேல்நாட்டு வாத்தியங்கள். இவர்களுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள்? சட்டி அடிக்கும் சரத், கட்டை மோளம் அடிக்கும் கௌதம், பறையும் தவிலும் வாசிக்கும் நந்தன். முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து முதலியவர்கள் பாடினார்கள். சட்டியும் கட்டை மோளமும் எங்கே ஒலிப்பவை? வடசென்னையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிணத்துக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்து, செத்தவனுடைய நல்லது கெட்டதைச் சொல்லிப் பாடுகிறார்களே, அந்தக் கானாப் பாட்டுக்கு ஒலிப்பவை. அதற்குப் பள்ளிக்கூடமும் இல்லை, நோட்டுப் புத்தகமும் இல்லை. சாவு வீடும் தெருமுனையுமே பள்ளிக்கூடம். மூத்தவன் பாடுவதைக் கேட்டுக் கேட்டு இளையவன் பாடுவதே பாடம்.

இசைவாணி என்ற பெண் வடசென்னையைச் சேர்ந்தவர். கானா ஆண்பிள்ளைகள் பாடுவது, பெண்பிள்ளைக்கு அதில் இடமில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் பாட வந்தவர். இவருடைய தகப்பனாரும் இசைக்காரர்; சிறு வயதிலேயே தகப்பனாரோடு மேடை ஏறிப் பழகினார். 2020இல் பிபிசி ஸ்தாபனம் உலகத்திலிருந்து 100 பெண்களைப் பொறுக்கி வெளியிட்ட பட்டியலில் இவர் பெயர் இருந்தது. இது சரஸ்வதி கடாட்சமா? வீட்டில் ஒரு வாத்தியம் இருந்தது. மகளைத் தடுக்காத தகப்பன் இருந்தார். கடாட்சம் அதுதான்.

அறிவு என்பவர் அரக்கோணத்துக்காரர். இஞ்சினீயரிங் படித்தவர். இவருடைய பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பாட்டி சொன்ன கதையும் பாட்டுமே பேரனுக்கு மூலதனம். அதை அமெரிக்க நீக்ரோ வாலிபர்கள் தெருவில் நின்று உருவாக்கிய ராப் என்ற வேகமான பேச்சுப் பாட்டோடு சேர்த்துக்கொண்டார். 2021இல் வெளிவந்து உலகமெல்லாம் கேட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டின் கதை அந்தப் பாட்டியின் கதைதான்.

ஆகவே ஒருவர் ராக் மேடையில் கற்றார். ஒருவர் பிணத்துக்குப் பக்கத்தில் கற்றார். ஒருவர் தகப்பனாரிடம் கற்றார். ஒருவர் பாட்டியிடம் கேட்டார். கற்ற இடம் வேறு, கற்ற முறை வேறு. ஆனால் கற்காமல் வந்தவர் ஒருவருமில்லை.

"கிடாரும் பறையும் எப்படி ஒட்டும்? எண்ணெயும் தண்ணீரும் அல்லவா?" என்று கேட்கிற பண்டிதர்கள் இருக்கிறார்கள். கிடாருக்குக் கம்பிக்குக் கீழே கட்டை கட்டி ஸ்வரத்தின் இடத்தை நிர்ணயித்திருக்கிறார்கள். பறைக்கோ, நெருப்பில் காய்ச்சினால் தோல் இறுகி ஒலி ஏறுகிறது, ஆறினால் இறங்குகிறது. கானாக்காரன் தன் தொண்டைக்கு ஏற்ற ஸ்ருதியில் எடுப்பான். இவற்றை ஒன்று சேர்க்க மந்திரம் வேண்டாம். ஒருவர் சொல்லுவதை மற்றவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நம் சமுதாயத்தில் நடக்காதது அந்த ஒன்றுதானே!

அன்றியும் இந்த ராக் சங்கீதம் என்பது யாருடையது? வெள்ளைக்காரனுடையது என்று நினைக்கிறோம். அதன் வேர் அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பாட்டில் இருக்கிறது. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் கலகம் செய்து, கொட்டு முழக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். உடனே 1740இல் எஜமானர்கள் சட்டம் செய்து, அடிமைகள் கொட்டும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அங்கே அடிக்காதே என்று சட்டம். இங்கே நீதான் அடிக்க வேண்டும் என்று கட்டளை! அங்கே கொட்டைப் பிடுங்கினார்கள். இங்கே கொட்டைக் கழுத்தில் கட்டினார்கள். இரண்டும் எஜமானன் வேலைதான்.

அந்த மக்களில் 1915இல் பிறந்த ரோசெட்டா தார்ப் என்ற அம்மையார் ஆறு வயதிலேயே மாதா கோயிலில் கிடார் வாசித்தார். பின்னால் மின்சாரக் கிடாரைப் பிடித்து வாசித்த வாசிப்பைக் கேட்டே ராக் சங்கீதக்காரர்கள் பலர் கற்றார்கள். கடவுள் கொடுத்தார் என்று அந்த அம்மையார் சொல்லிக்கொண்டிருக்கலாம். நாம் பார்க்கும் அளவில் சிறு வயதிலேயே கையில் ஒரு கிடார் கொடுக்கப்பட்டது. அவர் 1973இல் இறந்தார். ராக் சங்கீதத்தில் பெரியவர்களைக் கௌரவிக்க அமெரிக்காவில் வைத்திருக்கும் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2018இல். செத்து 45 வருஷம் ஆன பிறகு! அங்கும் இங்கும் மனிதன் ஒரே மாதிரிதான் இருக்கிறான்.

இனி நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் முக்கியமான ஆட்சேபணைக்கு வருகிறோம். "ஐயா! பறையடிப்பது இழிவு, அதை விட்டொழியுங்கள் என்று தலைவர்கள் எவ்வளவு காலமாகச் சொல்லிவந்தார்கள். எத்தனையோ ஊர்களில் பறையடிக்க மாட்டோம் என்று சொல்லி அடியும் உதையும் பட்டார்கள். இப்பொழுது அதே பறையை மேடையில் ஏற்றிக் கைதட்டுகிறீர்களே, இது முரண்பாடு அல்லவா?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. சற்று நிதானமாக யோசியுங்கள். பறை என்பது என்ன? மரத் துண்டுகளை வளைத்து வட்டமாக இணைத்து, அதில் தோலை இழுத்துக் கட்டியது. அதில் இழிவு எங்கே இருக்கிறது? தோலில் இருக்கிறது என்றால் மிருதங்கமும் தோல்தானே? பசுவின் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூன்றும் அதில் உண்டு. அந்தத் தோலைப் பதம் பார்த்து மிருதங்கம் செய்கிறவர்களின் கதையை டி. எம். கிருஷ்ணா அவர்கள் 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகமாக எழுதினார். தோலைத் தொட்டுச் செய்தவனுக்குத் தீட்டு. அதையே மடியில் வைத்துத் தட்டுகிறவருக்குப் பொன்னாடை! இது என்ன நியாயம்? தொல்காப்பியத்தைப் பாருங்கள், ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் வைத்திருக்கிறது. அங்கே அது தீண்டத்தகாதது அல்ல.

ஆகவே இழிவு பறையில் இல்லை. "நீ இன்ன குலத்தில் பிறந்தாய், ஆகவே எங்கள் வீட்டுப் பிணத்துக்கு நீ வந்து அடித்தே தீர வேண்டும்" என்கிற கட்டாயத்தில் இருக்கிறது. அடிக்க மாட்டேன் என்று குச்சியைக் கீழே போட்டவன் செய்ததும் சுயமரியாதை. தன் விருப்பத்தால் மேடையில் நின்று அடிக்கிறவன் செய்வதும் சுயமரியாதை. இரண்டிலும் எஜமானன் இல்லை என்பதைக் கவனியுங்கள். இதில் முரண்பாடு எதுவும் கிடையாது.

இதைச் சோதித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். மாட்டேன் என்று சொன்னால் அவனை ஊரில் நிம்மதியாக இருக்க விடுவார்களா? அடித்ததற்கு முன்கூட்டிப் பேசிய கூலியைக் கையில் எண்ணிக் கொடுக்கிறார்களா, அல்லது எட்ட நிறுத்திச் சோறும் சாராயமும் கொடுத்து அனுப்புகிறார்களா? மேல்ஜாதி என்று சொல்லிக்கொள்ளுகிறவன் மகனும் அதே குச்சியைப் பிடித்துக் கற்றுக்கொள்ள முன்வருகிறானா? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் அது கலை. ஒன்றுக்குத் தப்பான பதில் வந்தாலும் அது அடிமைத்தனம். எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அடிமைத்தனம்தான்.

இதனால் கானா எல்லாம் நல்லது, பறை அடித்தால் எல்லாம் புரட்சி என்று நாம் சொல்லுவதாக நினைத்துவிட வேண்டாம். கானாவில் பெண்களை இழிவாகப் பேசும் பாட்டும் உண்டு. ஏழை பாடினான் என்பதற்காக அதை ஒப்புக்கொள்ள முடியாது. எவன் பாடினான் என்று பார்க்காமல் என்ன பாடினான் என்று பார்ப்பதே பகுத்தறிவு. அதேபோல் ஒரு குழுவின் பாட்டால் ஜாதி ஒழிந்துவிடும் என்றும் நாம் நம்பவில்லை. இரண்டு மணி நேரம் கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது ஜாதி பார்க்கிறவன் கைதட்டியதால் யாருக்கு என்ன லாபம்?

ஆனால் ஒன்று உண்டு. அந்த 19 பேரும் ஒரே மேடையில் ஒரே தாளத்தில் நின்ற நேரத்தில், சங்கீதம் பிறவியில் வருகிறது என்ற பொய் அத்தனை பேர் கண்ணெதிரே உடைந்தது. நாம் நூறு கூட்டத்தில் தொண்டை வறளப் பேசி நிரூபிக்க வேண்டியதை அவர்கள் வாசித்தே நிரூபித்துவிட்டார்கள்.

ஆகையால் தோழர்களே! இந்த வாசகசாலைக்குப் புத்தகம் வாங்குவதோடு ஒரு பறையும், முடிந்தால் ஒரு கிடாரும் வாங்கி வையுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளையும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுக்க வருகிறவர் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் அவரை 'வாத்தியார்' என்று அழையுங்கள், நாற்காலி போடுங்கள், சம்பளம் கொடுங்கள். உங்கள் வீட்டுச் சாவுக்கு யாரையும் ஆள் விட்டு அழைத்து அடிக்கச் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளைக்கே அடிக்கத் தெரிந்தால் அவனே அடிக்கட்டும்.

நாம் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசியுங்கள். சரி என்று பட்டால் செய்யுங்கள்.