பாய் வள்ளம் வைத்துக் காப்பது எப்படி?

(நம் பங்கின் நூற்றாண்டு விழாவையொட்டி ஆலய முற்றத்தில் நடைபெற்ற கடல் தொழிலாளர் கூட்டத்தில், சகோதரர்கள் மூவர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் மேடையேறிப் பழகியவர்கள் அல்லர். "உங்கள் பாய் வள்ளத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் கேட்டபோது, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்றே முதலில் தோன்றியது. பிறகு மூவரும் உட்கார்ந்து யோசித்தோம். நாங்கள் செய்த தவறுகளைச் சொன்னாலே போதும், அது மற்றவர்களுக்குப் பயன்படும் என்று முடிவு செய்தோம். இங்கே பேசுகிறவர் ஒருவர்தான். ஆனால் தவறுகள் மூவருடையவை.

எங்கள் வள்ளத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். 18 அடி நீளம், அயனிப் பலகை, ஒற்றைப் பாய். 1956-இல் எங்கள் தகப்பனார் கட்டியது. அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். பிடித்த மீனின் கணக்கு அதில் கிடையாது. என்று கலப்பற்று அடித்தார், என்று எண்ணெய் பூசினார், எந்தக் கயிற்றை மாற்றினார் என்பதை மட்டும் தேதியோடு எழுதி வைத்திருந்தார். சிறுவயதில் அதைப் பார்த்து நாங்கள் சிரித்ததுண்டு.

1994-இல் தகப்பனார் காலமானார். துக்கத்தில் வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்தோம். நிமிர்த்தியபடியே வைத்துவிட்டோம், அடித்துளையின் தக்கையையும் எடுக்கவில்லை. இரண்டு மழைக்காலம் கழிந்தது. 1996-இல் மீண்டும் கடலில் இறக்கலாம் என்று போய்ப் பார்த்தபோது, உள்ளே முழங்கால் அளவு மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சை படிந்திருந்தது. வயதான ஓடாவி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ஏராவை ஒட்டிய பலகையில் உளியை வைத்து லேசாக அழுத்தினார். ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் உளி உள்ளே போயிற்று.

"மக்கா, நாப்பது வருசமா கடலு தின்னாத வள்ளத்த, ரெண்டு மழ தின்னு போட்டே" என்றார் அவர்.

பெரியோர்களே, இதுதான் நாங்கள் கற்ற முதல் பாடம். கடல் நீர் மரத்தைக் கெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உப்பு மரத்தைப் பூஞ்சணத்திடமிருந்து ஓரளவு காப்பாற்றுகிறது. மரத்தை உளுக்கச் செய்வது தேங்கி நிற்கும் மழைநீரே. ஆகவே வள்ளம் கரையேறிய உடனே தக்கையைப் பிடுங்க வேண்டும். அணியத்தைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மழை மாதங்களில் கவிழ்த்துப் போட்டு, காற்றுப் போகும்படி கட்டைமேல் தூக்கி வைத்து, மேலே கீற்றுப் பந்தல் போட வேண்டும். கோடையிலும் அந்தப் பந்தல் தேவை. வெயிலில் பலகை சுருங்கி மூட்டுகள் வாய் பிளந்துவிடும். வேனிலில் அவ்வப்போது கடல் நீரை மொண்டு உள்ளே ஊற்றி, பலகை ஊறிய பின் வடித்துவிட்டால் மூட்டுகள் இறுகி நிற்கும்.

கடலிலும் ஓர் எதிரி உண்டு. அது கப்பல் புழு. பெயர் புழுவானாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. கடல் நீரில் கிடக்கும் மரத்தைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கும். வெளியே ஊசித் துளைதான் தெரியும். உள்ளே பலகை தேன்கூடாகியிருக்கும். கொலம்பஸ் தம் கடைசிப் பயணத்தில், இந்தப் புழு அரித்த கப்பல்களோடு மேலே செல்ல முடியாமல், 1503-இல் ஜமைக்காத் தீவில் கரை தட்டவைத்து, ஏறக்குறைய ஓராண்டு அங்கேயே காத்துக் கிடந்தார். அத்தகைய புழு, நாள்தோறும் கரையேறிக் காயும் சிறு வள்ளத்தில் குடியேற முடியாது. நம் முன்னோர் கட்டுமரத்தைக் கரையில் ஏற்றிக் கட்டவிழ்த்துக் காய வைத்ததில் எவ்வளவு அறிவு இருந்தது பாருங்கள்!

அந்த ஓடாவி ஆறு பலகைகளை மாற்றினார். பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பற்று அடித்தார். ஆணியைப் பற்றியும் ஒரு புத்தி சொன்னார்: செம்பு ஆணி அடித்த இடத்தின் அருகே இரும்பு ஆணியைச் சேர்க்காதே என்றார். நாங்கள் அதைப் பழங்கால நம்பிக்கை என்று எண்ணினோம். பின்னாளில்தான் அதன் காரணம் விளங்கிற்று. 1761-இல் ஆங்கிலேயக் கடற்படை, அலாரம் என்ற கப்பலின் அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. புழு அண்டவில்லை. ஆனால் 1763-இல் சோதித்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. இரண்டு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்தால் மின்கலம்போல் வேலை செய்து இரும்பு கரைந்துவிடும். அடுத்த முறை அவசரத்தில் கையில் கிடைத்த ஆணியை அடிக்கும் முன் இதை நினைவுகூருங்கள்.

இனி டிரெய்லரைப் பற்றிச் சொல்கிறோம். ஆனி, ஆடியில் நம் மேற்குக் கரையில் அலையடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் கிழக்கே மன்னார் வளைகுடாப் பக்கம் சென்று தொழில் செய்வது நம்மவர் வழக்கம். லாரி வாடகை கட்டுபடியாகவில்லை. எங்களில் இளையவர் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். 1998-இல் ஒரு பழைய அச்சையும் இரண்டு சக்கரங்களையும் வாங்கி, வள்ளத்துக்கு அளவான டிரெய்லர் ஒன்றைச் செய்தார். டிராக்டரில் கோத்து இழுத்துப் போனோம். ஊரே வேடிக்கை பார்த்தது. எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை மூன்றாவது பயணத்தில் அடங்கிற்று. இரவு நேரம், நடுவழியில் ஒரு சக்கரம் கிறீச்சிட்டு நின்றுவிட்டது. பேரிங் உருகிப் பிடித்துக்கொண்டது. விடியும்வரை சாலையோரத்தில் வள்ளத்துக்குக் காவல் இருந்தோம். காலையில் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருவும் உப்பு நீரும் இருப்பதைக் காட்டினார்.

காரணம் இதுதான். தொலைவு ஓடி வந்த சக்கரத்தின் குடம் சூடாயிருக்கும். அந்தச் சூட்டோடு அதைக் குளிர்ந்த கடலில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கிக் கடல் நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே வந்து சேர்ந்ததும் வள்ளத்தை இறக்க ஓடக் கூடாது. குடத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகே இறக்க வேண்டும். இயன்றால் சக்கரம் நனையாமலே உருளைக் கட்டையில் வள்ளத்தைத் தள்ளிவிடுவது இன்னும் நல்லது. நனைந்துவிட்டால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றிப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும்.

பாரத்தையும் கவனிக்க வேண்டும். வள்ளத்தைப் பின்தள்ளி வைத்தால் டிரெய்லர் வால் ஆட்டும். பாம்புபோல் நெளிந்து கவிழ்த்துவிடும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது முன்னே கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். எஞ்சினையும் நங்கூரத்தையும் பின்தலையில் போட்டுவிட்டு, ஏன் ஆடுகிறது என்று கேட்டு நாங்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதுண்டு.

இவற்றை எல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இளைஞர்களே, இதை மட்டுமாவது மறக்காதீர்கள். ஒரு நாள் கரையிலிருந்து கொட்டகைக்கு 200 அடிதானே என்று, பாய்மரத்தைச் சாய்க்காமலே டிரெய்லரைத் தள்ளினோம். தலைக்குமேல் மின்கம்பி போவதை மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. மீன் கூடையோடு வந்த மூதாட்டி ஒருவர் போட்ட கூச்சல்தான் எங்களை நிறுத்தியது. கம்பிக்கும் மரத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. ஈர மரமும் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியக் குழாய் என்றால் கேட்க வேண்டியதே இல்லை. பாய்மரம் சாய்ந்த பிறகே சக்கரம் உருள வேண்டும். அந்தத் தாயார் இன்று உயிரோடு இல்லை. அவருக்கு நாங்கள் மூன்று உயிர் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்தது பாய். தகப்பனார் காலத்தில் பருத்திப் பாய். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் கறை பிடித்து இற்றுவிடும். இப்போது எங்களிடம் இருப்பது டெரிலின் பாய். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டுபிடித்த இழை அது. ஈரத்தில் அழுகாது. ஆனால் வெயில் அதைத் தின்றுவிடும். துணிக்கு முன்னே தையல் நூல்தான் போகும். எனவே பாயை அவிழ்த்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, உறைக்குள் வைக்க வேண்டும். காற்றில் படபடவென்று அடிக்க விடவே கூடாது. கயிறுகளிலும் அப்படியே. நைலான் இழுபடும், நங்கூரத்துக்கு நல்லது, பாயை ஏற்றும் ஆஞ்சானுக்கு ஆகாது. மலிவான பிளாஸ்டிக் கயிறு நீரில் மிதக்கும். ஆனால் வெயிலில் பொடிந்துவிடும்.

இவ்வளவு பாடும் எதற்கு, எஞ்சின் இருக்கும்போது பாய் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு, நம் கரைகளுக்கெல்லாம் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. அவற்றை நாங்கள் குறை சொல்லவில்லை. அவை பல குடும்பங்களுக்கு மறுவாழ்வு தந்தன. ஆனால் பெரும்பாலானவற்றில் பாய் இல்லை.

2007-ஆம் ஆண்டு ஒரு பிற்பகல். அயிலை பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நம் ஊர்ப் படகு ஒன்று எஞ்சின் நின்று, நங்கூரக் கயிறும் அறுந்து, நீரோட்டத்தில் பாறைக் கூட்டத்தை நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பையன்கள். பெயர் சொல்லவில்லை, அவர்கள் இங்கேதான் அமர்ந்திருக்கிறார்கள். கயிறு வீசி வள்ளத்தோடு கட்டினோம். கடற்காற்று நல்ல பலத்தில் வீசிற்று. இரண்டு படகின் பாரமும் அந்த ஒற்றைப் பாயில் தொங்கிற்று. மூன்று மணி நேரம் கழித்துக் கரை சேர்ந்தோம்.

ஊரார் எங்களைப் பாராட்டினார்கள். உண்மையில் பாராட்டுப் பெற வேண்டியவர் எங்கள் தாயார். அதற்கு முந்தின வாரம் பாயின் நடுத்தையல் இரண்டு சாண் நீளம் விட்டிருந்தது. "அடுத்த மாதம் தைத்துக்கொள்ளலாம்" என்று நாங்கள் மூவரும் ஒருமனதாகச் சொன்னோம். தாயார் ஒன்றும் பேசவில்லை. அந்தி நேரத்தில் கோணூசியை எடுத்துக்கொண்டு பாய்மேல் உட்கார்ந்துவிட்டார். வெட்கப்பட்டு நாங்களும் உட்கார்ந்தோம். அந்தத் தையல் அன்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் இரவில் நினைத்துக்கொள்வதுண்டு. அந்தப் பையன்களைக் காப்பாற்றியது கடலில் நாங்கள் காட்டிய வீரம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு வாய் வரவில்லை. கரையில் ஒரு மூதாட்டி செய்த ஒரு மணி நேர வேலைதான் அது.

அன்றிரவு தகப்பனாரின் நோட்டை எடுத்து, "நடுத்தையல் தைத்தது" என்று தேதி போட்டு எழுதினோம். அவர் ஏன் மீன் கணக்கு எழுதவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இப்போது எங்கள் கவலையையும் உங்களிடம் சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். 2015-இல் ஒரு விடுதிக்காரர் வந்து, வாசலில் பூச்செடி வைத்து அலங்கரிக்க இந்த வள்ளம் வேண்டும் என்று நல்ல விலை பேசினார். மூவரில் இருவர் சம்மதித்துவிட்டோம். மூத்தவர் மட்டும் நோட்டை எடுத்து நடுவில் வைத்து, "இதையும் சேர்த்து விற்றுவிடலாமா?" என்று கேட்டார். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

ஆயினும் விற்காமல் வைத்திருந்தால் மட்டும் வள்ளம் பிழைத்துவிடாது என்பதை 1996-லேயே கண்டவர்கள் நாங்கள். ஆகவே இந்த நூற்றாண்டு விழா நாளில் ஒரு முடிவோடு வந்திருக்கிறோம். பாய் பிடிக்கக் கற்க விரும்பும் இளைஞர் நால்வர் முன்வந்தால், வள்ளத்தையும் டிரெய்லரையும் அவர்கள் பொறுப்பில் விட நாங்கள் தயார். காசு வேண்டாம். ஞாயிறு தோறும் பூசைக்குப் பிறகு நாங்களே உடன் வந்து கற்றுக்கொடுக்கிறோம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கடலுக்குப் போகும் நாள் ஒன்றென்றால், கரையில் கழுவவும் தைக்கவும் எண்ணெய் பூசவும் ஒரு நாள் வர வேண்டும். செய்ததை நோட்டில் எழுத வேண்டும். நோட்டில் இன்னும் 30 பக்கம் வெறுமையாக இருக்கிறது.