"காரணம் தெரியவில்லை" என்று எழுதத் தயங்காதீர்கள்
(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்களில் பலருடைய குடும்பங்களில் படையில் பணிபுரிந்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிய ஒரு காரியத்தை இன்று பேச விரும்புகிறேன்.

நோயினால் படையை விட்டு அனுப்பப்படும் வீரரைப் பற்றி மருத்துவ வாரியம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறது. ஊனம் எத்தனை சதவீதம்? நோய் பணியினால் வந்ததா, அல்லது பணியினால் அதிகமானதா? பொதுவாக ஊனம் 20 சதவீதமாவது இருந்து, இரண்டாவது கேள்விக்கு "ஆம்" என்ற பதிலும் கிடைத்தால்தான் ஊன ஓய்வூதியம் உண்டு.

போரில் குண்டடிபட்ட காலைப் பற்றி வாதம் எழுவது அரிது. வலிப்பு, மனநோய், இரத்தக் கொதிப்பு போன்றவற்றில்தான் தகராறு. "இது அவருடைய உடல்வாகினால் வந்தது" என்ற ஒரே வரியில் வீட்டின் அடுப்பு அணைந்துவிடலாம்.

1985-ல் சேர்ந்த ஒரு சிப்பாய் 1994-ல் வலிப்பு நோயினால் அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவீதம். ஆனால் நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று வாரியம் எழுதியது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 2013 ஜூலையில், உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் இல்லையென்றால் அவர் நலமாகவே வந்தார் என்று கொள்ளவேண்டும். நோய் பணியினால் வரவில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்றது. மனநோயினால் அனுப்பப்பட்ட இன்னொருவரின் வழக்கிலும், வாரியம் காரணம் எழுதாமல் மறுத்தது செல்லாது என்று 2025 மே மாதம் தீர்ப்பாயிற்று.

வலிப்பு வந்த பலருக்கு ஏன் வந்தது என்று மருத்துவர்களாகிய எங்களுக்கே தெரிவதில்லை. "காரணம் தெரியவில்லை" என்பது வேறு. "பணியினால் அல்ல" என்பது வேறு. முதலாவது உண்மை. இரண்டாவதை எழுதுகிறவர் அதற்கான காரணத்தையும் எழுதவேண்டும். இதை நம்முடைய இளம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சொல்லி வருகிறோம்.

உங்கள் ஊரில் இப்படிப்பட்டவர் இருந்தால், வாரிய அறிக்கையின் நகலையும் பழைய சிகிச்சைச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். 2023 செப்டம்பர் 21 முதல் விலகியவர்களுக்குப் புதிய விதிகள் உள்ளன. ஆகவே விலகிய தேதி முக்கியம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது.

படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு அந்தக் காகிதங்களை வாசித்துக் காட்டுவதும் ஊழியந்தான்.